கவசம், கனம், காடாத்துணி

ஆன்லைன் ஃபேன்டசி கேம் ஆடறவங்களுக்கு ஒரு விதி மனப்பாடமா தெரியும். துணி போட்டவன் முதல்ல சாவான். மந்திரவாதி, பூசாரி, சூனியக்காரன் மூணு பேருக்கும் துணி. பதுங்கிப் போய்க் குத்தறவனுக்குத் தோல். வேட்டைக்காரனுக்கு வளையக் கவசம். முன்னாடி நின்னு அடி வாங்கற வீரனுக்குத் தகடு. 2004ல வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல இருந்து இன்னைக்கு மொபைல்ல வர்ற குட்டி குட்டி கேம் வரைக்கும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்.

எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு எரிச்சல். பிறந்து வளர்ந்தது திருப்பூருங்க. தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி, காத்துல எந்நேரமும் பஞ்சு. அந்த ஊர்க்காரன் ஒரு கேம்ல நுழைஞ்சா, பருத்தின்னா கடைசி இடம், ஊதினாலே பறந்துடும்னு எழுதி வச்சிருக்கான். இது நெசமான்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு. நீளமா போகும், டீ காபி எடுத்துட்டு வந்துருங்க :-)

கேம் பக்கமே எட்டிப் பார்க்காத பதிவர்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். கவசத்தை ஏன் கனத்தை வச்சுப் பிரிக்கறாங்க? நிஜமா இருக்கணும்கறதுக்காக இல்லை. ஒருத்தனே எல்லாமா இருந்துடக்கூடாது, அவ்வளவுதான். தகடும் போட்டுக்கிட்டு நெருப்பு மந்திரமும் விட முடியும்னா அவனுக்குக் கூட்டாளி எதுக்கு? அஞ்சு பேர் சேர்ந்தாதான் குகைக்குள்ள போக முடியும்னு வைக்கணும், அதுக்காக ஆளுக்கொரு குறையைக் கட்டிவிடறாங்க. இன்னொரு காரணம் பங்கு பிரிக்கறது. ராட்சசனைக் கொன்னதும் ஒரு தகட்டுச் சட்டை கீழ விழுந்தா அது யாருக்குன்னு சண்டை வரக்கூடாது. துணிக்காரனுக்கு அது உதவாது, தீர்ந்துச்சு பஞ்சாயத்து. மூணாவது, தூரத்துல இருந்து பார்த்தாலே எதிர்ல வர்றவன் யாருன்னு தெரியணும். அங்கி பறந்தா மந்திரவாதி, தோள்பட்டை அகலமா மின்னினா வீரன்.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்கு முன்னாடியே முடிவான சமாச்சாரம். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் போட்ட டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்துல மூணே கவசம். தோல் 15 தங்கக்காசு, வளையம் 30, தகடு 50. எடையைக்கூட காசுக் கணக்குலதான் சொல்லுவாங்க. தோல் 250 காசு எடை, வளையம் 500, தகடு 750. எவ்வளவு ஒழுங்கா ஏறுது பாருங்க, ஸ்லாப் ரேட் மாதிரி. மந்திரவாதிக்குக் கவசமே கிடையாது. கவச எண் குறையக் குறைய நல்லதுன்னு ஒரு தலைகீழ்க் கணக்கு வேற இருந்தது. அந்த எண் யோசனை தனக்குக் கடற்படைச் சண்டை விளையாட்டு விதிகள்ல இருந்து வந்ததுன்னு ஆர்னெசன் சொல்லியிருக்கார். ஆக, கப்பலுக்குப் போட்ட கணக்கை மனுசனுக்கு மாட்டி விட்டிருக்காங்க.

2000ல வந்த மூணாம் பதிப்பு இன்னும் தெளிவாப் பிரிச்சது. லேசு, நடுத்தரம், கனம். லேசுலயும் கடைசி, பஞ்சு வச்சுத் தைச்ச கவசம். விலை 5 காசு, பாதுகாப்பு 1. உச்சத்துல முழுத் தகடு. விலை 1500 காசு, பாதுகாப்பு 8. பஞ்சுக்கு ஒண்ணு, தகட்டுக்கு எட்டு!

சரி, நிஜப் படையில எப்படி இருந்தது? ஐரோப்பாவை அப்புறம் பார்ப்போம். நம்ம பக்கத்துக்கே நல்ல சாட்சி இருக்கு.

1520ல கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூர் மேல படையெடுத்துப் போனார். அந்தப் படையைப் பத்தி ஃபெர்னாவோ நூனிஸ்னு ஒரு போர்த்துக்கீசியர் விரிவா எழுதி வச்சிருக்கார். அவர் எழுதினது 1535 வாக்குல. ராபர்ட் சீவெல் அதை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து 1900ல விஜயநகரம் பத்தின தன்னோட புத்தகத்துல சேர்த்தார். நூனிஸ் சொல்றதோட சாரம் இது. வில்லாளிகளும் துப்பாக்கிக்காரங்களும் பஞ்சு வச்சுத் தைச்ச சட்டை போட்டிருந்தாங்க. கேடயக்காரங்களுக்குக் கவசமே இல்லை. கேடயம் அவ்வளவு பெருசு, உடம்பையே மறைச்சுடும், தனியா கவசம் எதுக்குங்கறார். குதிரைங்களுக்கு முழு உடை, குதிரை வீரர்களுக்குக் கெட்டியான மேல்சட்டை, தலையில மாட்டற கவசமும் அதே மாதிரி பருத்தி வச்சுத் தைச்சது.

படிச்சதும் நான் கவனிச்சது, இங்கயும் மூணு பிரிவு இருக்குங்கறதுதான். ஆனா கேம் சொல்ற வரிசை இல்லை. கேடயம் பிடிச்சு முன்னாடி நிக்கறவன், அதாவது நம்ம பாஷையில டேங்க், அவன் உடம்புல ஒண்ணுமே இல்லை. பின்னாடி நின்னு அம்பு விடறவன்தான் தடிமனான சட்டைக்குள்ள இருக்கான். யோசிச்சா நியாயம் புரியும். வில்லுக்கு ரெண்டு கையும் வேணும், துப்பாக்கிக்கும் அப்படியே. கேடயம் பிடிக்க மூணாவது கை கிடையாது. அதனால கேடயத்தை உடம்புலயே தைச்சுக்கிட்டான். தாங்கற சக்தி யாருக்கு அதிகம்கற கேள்வியே அங்க எழலை. எந்தக் கை காலியா இருக்குங்கறதுதான் கேள்வி.

அதே காலத்துல விஜயநகரத்துக்கு வந்த இன்னொரு போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ். அவர் மகாநவமி விழாவை ஒட்டி நடந்த படை அணிவகுப்பைப் பார்த்தவர். குதிரை வீரர்கள் உடுப்பைப் பத்தி அவர் எழுதினதுதான் எனக்கு இந்த விஷயத்துல பெரிய திறப்பு. வெளியில பார்த்தா வெல்வெட்டும் ஜரிகையும் பட்டும். உள்ள அடுக்கடுக்கா கெட்டித் தோல். அதோட இரும்புத் தகடுகள். சிலதுல தகட்டுக்குத் தங்க முலாம், சிலது வெள்ளி.

இப்ப சொல்லுங்க, இது துணியா, தோலா, தகடா? கேம்ல எந்தப் பெட்டியில போடுவீங்க?

மொத்தச் சிக்கலும் இங்கதான் இருக்குன்னு நினைக்கறேன். கேம்ல துணி, தோல், வளையம், தகடு நாலும் ஒண்ணுக்கொண்ணு மாற்று. ஒண்ணை எடுத்தா மத்ததை விட்டுடணும். நிஜத்துல அது நாலும் அடுக்கு. ஒண்ணு மேல ஒண்ணு. மென்பொருள் எழுதறவனா எனக்கு இதோட காரணமும் தெரியுது. மார்புக்கு ஒரு ஸ்லாட், ஸ்லாட்டுக்கு ஒரு ஐட்டம். டேபிள் அப்படி டிசைன் பண்ணியாச்சு. ஒரே இடத்துல நாலு ஐட்டம் அடுக்கினா கணக்கு போடறவனுக்கும் தலைவலி, ஆடறவனுக்கும் தலைவலி. ஆக, டேட்டாபேஸ் வசதிக்காக வந்த ஒரு முடிவு, வரலாறுன்னு நம்ம மண்டையில ஏறிடுச்சு.

இரும்பு வளையச் சட்டையை வெறும் உடம்புல யாரும் மாட்டறதில்லை. கத்தி அதை அறுக்காது, சரி. ஆனா அடியோட வேகம் அப்படியே எலும்புக்குப் போயிடும். அதை வாங்கிக்க உள்ள மெத்தை வேணும். ஐரோப்பாவுல இரும்புக்கு உள்ள போட்ட அந்த மெத்தைச் சட்டைக்கு ஆக்கெட்டான்னு ஒரு பேர். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அரபியில அல்-குத்ன். அப்படின்னா பருத்தி! காட்டன்கற இங்கிலீஷ் வார்த்தைக்கும் அதே அரபிதான் தாய். தகடு தகடா மின்னற வெள்ளைக்காரப் பிரபுவோட முன்னோர் போட்ட உள்சட்டை பேரே பருத்தி. பனியன்னு சொல்லாதது ஒண்ணுதான் பாக்கி :-)

மெத்தையை மட்டுமே கவசமாப் போட்டவங்களும் உண்டு. 15ஆம் நூற்றாண்டுல பிரான்சோட பதினோராம் லூயி தன் படைக்குப் போட்ட உத்தரவுல, சட்டைக்கு 25ல இருந்து 30 அடுக்குத் துணியும், கூட ஒரு மான்தோலும்னு வருது. அடுக்கு எண்ணிக்கையை ராஜாவே ஸ்பெக் ஷீட் போட்டுக் குடுத்திருக்கார் பாருங்க, நம்ம பையர் மாதிரி. மெக்சிகோவுக்குப் போன ஸ்பானியர்கள் அங்க அஸ்டெக் ஆளுங்க போட்டிருந்த பருத்தி மெத்தைச் சட்டையைப் பார்த்து, அந்த வெயிலுக்கும் அம்புக்கும் இதுவே மேல்னு தாங்களும் மாட்டிக்கிட்டாங்க. எஃகு வச்சிருந்தவன் பருத்திக்கு மாறின கதை அது. 1191ல அர்சூஃப் போர் சமயம், சலாவுதீன் பக்கம் இருந்த பஹாவுத்தீன் எழுதினதுல, சிலுவைப்போர் காலாட்கள் சிலர் முதுகுல பத்து அம்பு வரைக்கும் குத்தி நிக்க, நடையை மாத்தாம போயிட்டே இருந்தாங்கன்னு வருது. அவங்க மேல இருந்தது தடிமனான கம்பளி மெத்தையும் இரும்பு வளையமும். ரெண்டும் சேர்ந்து.

பஞ்சு எப்படி அம்பை நிறுத்துது? ஒரு அடுக்குன்னா நிறுத்தாது. அடுக்கு கூடக் கூட ஒவ்வொரு இழையும் முனையைப் பிடிச்சு இழுத்து வேகத்தைத் தின்னுடும். கத்தியால வீசினா, அறுக்கறதுக்குப் பின்னாடி கெட்டியா ஏதாவது தாங்கணும். மெத்தை உள்ள போயிடும், கத்தி வழுக்கும். கூரான முனையை நேரா ஓங்கிக் குத்தினா மட்டும் நிலைமை மோசம். பருத்திக்குத் தெய்வசக்தின்னு நான் சொல்ல வரலை.

இப்ப நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். பனியன் கம்பெனியில வேலை பார்த்தவங்களுக்கு ஜிஎஸ்எம்னா தெரியும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்கறது. வட்டமா ஒரு கட்டர் இருக்கும், 100 சதுர செ.மீ. துண்டு வெட்டித் தராசுல வச்சு 100ஆல பெருக்கினா முடிஞ்சது. டிஷர்ட் துணி 180ன்னா ஸ்வெட்டர் ஃபிளீஸ் 300 பக்கம். எங்க ஊர்லயும் லேசு, நடுத்தரம், கனம் உண்டுங்க, யாரையும் கொல்றதுக்கு இல்லை அவ்வளவுதான்.

ஆனா நிட்டிங் துணி கவசத்துக்கு ஆகாது. இழுத்தா நீளும், அம்பு கண்ணியை விலக்கிட்டு உள்ள போயிடும். தறியில நெய்யற துணிதான் வேணும். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில ஓட்டற காடா இருக்கே, அந்த மாதிரி. 150 ஜிஎஸ்எம்னு வச்சுக்கங்க. 25 அடுக்குப் போட்டா ஒரு சதுர மீட்டருக்கு 3.75 கிலோ. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடு அதே அளவுக்கு 7.85 கிலோ. ஆக, பஞ்சுச் சட்டை தகட்டோட எடையில பாதிக்குக் கொஞ்சம் கீழ. அதுவும் காய்ஞ்சு இருந்தாத்தான். வேர்வையிலயும் மழையிலயும் ஊறிட்டா எங்க போய் நிக்குமோ. துணின்னா கனமே இல்லைங்கற கேம் கணக்கு இங்கயே அடிபட்டுப் போச்சு. நிஜமான பஞ்சுக் கவசம் நடுத்தரப் பிரிவுல உட்காரவேண்டிய ஆள்.

அப்புறம் வெயில். ராய்ச்சூர் சண்டை நடந்தது 1520 மே மாசம்கறது சீவெலோட கணக்கு. ராய்ச்சூர்ல மே மாசம்! இங்கிலாந்து லீட்ஸ்ல 2011ல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. 15ஆம் நூற்றாண்டு மாதிரியில செஞ்ச, 30ல இருந்து 50 கிலோ வரைக்குமான தகட்டுக் கவசத்தை மாட்டிவிட்டு டிரெட்மில்லுல நடக்கவிட்டாங்க. நடக்கச் செலவான சக்தி சாதாரணமா ஆகறதைவிட ரெண்டு மடங்குக்கு மேல. அது லேபுக்குள்ள. அதையே துங்கபத்திரைக்கு வடக்க மே மாச மத்தியானத்துல மாட்டினா, எதிரி வரவேண்டிய அவசியமே இல்லை.

இரும்பு கிடைக்காததால இங்க போடலைன்னு யாரும் சொல்லிட முடியாது. திருப்பூர் வழியா ஓடற நொய்யல் அப்படியே கிழக்க போனா, அதோட கரையில சென்னிமலைக்கு மேற்க கொடுமணல் வருது. 1980கள்ல இருந்து அங்க நடந்த அகழாய்வுகள்ல இரும்பு உருக்கின உலைங்க, எஃகு செஞ்ச தடயம் எல்லாம் கிடைச்சிருக்கு. அதே ஊர்ல நூல் நூற்கற தக்களி வில்லைகளும் கிடைச்சிருக்கு. இரும்பும் நூலும் ஒரே ஊர்ல, ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்ச இடம் இதுதான். கவசம் செய்ய என்ன வேணுமோ அத்தனையும் நொய்யல் கரையில இருந்திருக்கு.

அதே நொய்யல் காவிரியில சேர்ற கரூர் பக்கம்தான் புறநானூற்று 13ஆம் பாட்டு நடக்கற களம். சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி யானை மேல கருவூர்ப் பக்கம் வர்றான், பாடினவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். அவன் போட்டிருக்கற கவசம் அம்பு பட்டுச் சிதைஞ்சிருக்கு. அது புலித்தோல் கவசம்னு உரை சொல்லுது. ராஜாவே தோல் பிரிவுதான் சாமி! பதிற்றுப்பத்துல சேர அரசனைத் தன் வீரர்களோட மெய்ம்மறைன்னு புகழ்றாங்க. மெய்யை மறைக்கறது, கவசம். வீரனுக்குக் கவசம் ராஜாதான்னா, தனியா அவனுக்கு என்ன குடுத்தாங்கன்னு கேக்கத் தோணுது. கொங்கு நாட்டு நடுகல்லுங்களைப் பாருங்க. இடுப்புல கச்சை, கையில வாள் இல்லைன்னா வில்லு, புலியைக் குத்தற கல்லா இருந்தாலும் வெறும் மார்பு. கனக் கவசம் யானை மேலயும் குதிரை மேலயும் போறவனுக்கு. சுமக்கறது மிருகம், காசு குடுக்கறது கஜானா. நடந்து போறவனுக்குக் கேடயம், அதிர்ஷ்டம் இருந்தா ஒரு மெத்தைச் சட்டை.

காசுங்கறதை கேம் ஓரளவு சரியாப் பிடிச்சிருக்கு, அதை ஒத்துக்கணும். 15, 30, 50ன்னு விலை ஏறுதே. ஆனா நிஜத்துல விலைதான் பிரிவையே உண்டாக்கினது. தகட்டைச் சரிபண்ணக் கொல்லன் வேணும், உலை வேணும், கரி வேணும். பஞ்சுச் சட்டை கிழிஞ்சா ஊசியும் நூலும் போதும், ராத்திரி கூடாரத்துல உட்கார்ந்து தானே தைச்சுக்கலாம்.

இவ்வளவு பயன்பட்டது ஏன் யாருக்கும் ஞாபகம் இல்லை? மியூசியத்துல இல்லை, அதான். நம்ம ஊர் மழைக்கும் கரையானுக்கும் பருத்தி நானூறு வருசம் தாங்குமா? இரும்பு தங்கிடுச்சு, பருத்தி மக்கிடுச்சு. தப்பிச்சதை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா இரும்புதான் உலகம்னு தோணத்தான் செய்யும். இரும்பும்கூட எல்லாம் தங்கலை. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையை 19ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரங்க கலைச்சப்ப ஏகப்பட்டது உடைஞ்சு பழைய இரும்பாப் போச்சு. மிஞ்சினதுல ஒரு பங்கை எழும்பூர் மியூசியத்துல பார்க்கலாம். போறவங்க வெண்கலச் சிலையைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க.

பஞ்சுக் கவசம் தப்பிச்ச இடமும் இருக்கு. 1799ல சீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவோட சொத்து கப்பல் ஏறினதுல, மெத்தையாத் தைச்ச தலைக்கவசமும் மார்க்கவசமும் போச்சு. குளிர்ந்த நாட்டுக் கண்ணாடிப் பெட்டியில கரையான் இல்லாம பத்திரமா இருக்கு. நம்ம கொங்கு நாடு அந்த வருசம் வரைக்கும் மைசூர் ஆட்சியிலதான் இருந்தது. அதனால அந்த மாதிரிச் சட்டை போட்ட சிப்பாய்ங்க நம்ம ஊர்த் தெருவுல நடந்திருப்பாங்கன்னு நினைச்சுக்கறதுல எனக்கு ஒரு அல்ப சந்தோசம்.

கனத்துக்கு எல்லை எதுன்னு பார்க்கணும்னா லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ்ல இருக்கற யானைக் கவசம். சென்னை கவர்னரா இருந்த எட்வர்ட் கிளைவோட மனைவி ஹென்ரியெட்டா நம்ம நாட்டுல இருந்து 1801ல கொண்டுபோனது. மொத்தம் 8,439 இரும்புத் தகடு இருந்திருக்கணுமாம், இப்ப இருக்கறது 5,840. இருக்கறது மட்டும் 118 கிலோ, முழுசா இருந்தா 159. குட்டிக் குட்டித் தகட்டை வளையத்தால கோத்திருக்காங்க. அங்கயும் தகடும் வளையமும் சேர்ந்துதான். கேம் பிரிச்சு வச்ச ரெண்டு பிரிவும் ஒரே யானை மேல.

கடைசியா ஒண்ணு, பருத்திக்கு ஓவரா கொடி பிடிக்கறான்னு பின்னூட்டத்துல கும்மப் போறவங்களுக்காக. 1866ல பிரெஞ்சுக்காரங்களோட மோதின பிறகு கொரியாவுல துப்பாக்கிக் குண்டை நிறுத்தப் பல அடுக்குப் பருத்தியில ஒரு சட்டை செஞ்சாங்க. 1871 ஜூன் மாசம் அமெரிக்கக் கப்பல்படை வந்தப்ப அதைப் போட்டுக்கிட்டு நின்னாங்க. வெக்கையில சிப்பாய்ங்க தவிச்சுப் போனாங்க. பீரங்கி நெருப்பு பட்டதும் சட்டை பத்திக்கிச்சு. அப்ப அமெரிக்காவுக்குப் போன ஒரு சட்டை 2007ல கொரியாவுக்குத் திரும்பி வந்தது. கேம்ல ஒரு விஷயம் மட்டும் சரியா வச்சிருக்கான், துணிக்காரனுக்கு நெருப்புன்னா பயம் இருக்கணும்.

பவர் டேபிள் வச்சிருக்கற நண்பர்கள் யாராவது 25 அடுக்கு காடாவை ஒண்ணாப் பிடிச்சு ஓட்டிப் பார்த்தீங்கன்னா, எத்தனை ஊசி உடைஞ்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஊசிக் காசு நான் தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.